பூஜ்யம் மில்லி

எனக்குப் பால் இருக்குது. நல்லாவே இருக்குது. பெத்தவளுக்குப் பால் இருக்குதுன்னா எந்த ஊர்லயும் அது நல்ல சேதிதான். எனக்கு மட்டும் அது ஒரு கேஸ் ஆகிப்போச்சு. அந்தக் கேஸை நடத்தத்தான் இருபத்தாறு நாளு ஒரு கைக்கொழந்தையோட மூணு மாடி ஏறி எறங்கினேன்.

பேரு கார்குழலி. லாஸ்பேட்டையில ஒரு மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கேன். பக்கத்துல மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில மருந்து பாட்டில் லேபிளைச் சரிபாக்கற வேலை. பொடி எழுத்தை ஒண்ணு விடாம படிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்காரர் ராஜாங்கம் கத்தார்ல ஏசி மெக்கானிக். எங்கம்மா உயிரோட இல்ல. பிரசவத்துக்கு மாமியார் வில்லியனூர்லேர்ந்து வந்திருந்தாங்க.

பாப்பா பொறந்து ஆறாம் நாளு கண்ணு மஞ்சளாச்சு. குடிச்சதெல்லாம் வாந்தி. மஞ்சள் எறங்கட்டும்னு நீல வெளக்குக்கு அடியில வச்சிப் பாத்தாங்க, கேக்கல. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட் வந்த அன்னைக்கு அய்மான்னு ஒரு சின்ன வயசு டாக்டரு, மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி படம் போட்டுச் சொன்னாரு.

“பால்ல இருக்கற சர்க்கரை வயித்துல போய் ரெண்டு துண்டா ஒடையும்மா. அதுல ஒரு துண்டை உங்க பாப்பா ஒடம்பு தாங்காது. சேரச் சேர ஈரல் கெடும், கண்ணு கெடும், மூளையும் கெடும். கேலக்டோசீமியான்னு பேரு. ரொம்ப அபூர்வமா வர்றது.”

“அப்போ பசும்பால் குடுக்கலாமா சார்?”

“அதுலயும் அதே சர்க்கரைதான்.”

“என் பாலு?”

அவரு பேனாவை மூடினாரு, தொறந்தாரு, மறுபடி மூடினாரு. “அதுலதான்மா ஜாஸ்தி. ஒரு சொட்டு கூடக் குடுத்துடாதீங்க.”

அந்த நேரத்துல என் ஜாக்கெட்டு நனைஞ்சிருந்துச்சு. முந்தானையை இழுத்து விட்டுகிட்டு, “சரிங்க சார்”னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

பால் சர்க்கரையே இல்லாத சோயா மாவு ஒண்ணு டின்னுல வருது, அதைத்தான் குடுக்கணும்னாரு. நேரு வீதியிலேர்ந்து உழவர்கரை வரைக்கும் ஒரு மெடிக்கல் விடாம கேட்டேன். கம்பெனியிலேர்ந்தே சரக்கு வரல, செப்டம்பர்லதான் வரும்னு எல்லா கடையிலயும் ஒரே பாட்டு. டாக்டரு சென்னையில அவர் கூடப் படிச்சவங்ககிட்ட சொல்லி ஆறு டின் வரவழைச்சிக் குடுத்தாரு. ஒரு டின்னு நாலு நாளு வரும், கொஞ்சம் இழுத்தா அஞ்சு. அன்னைக்குத் தேதி ஜூலை பன்னெண்டு.

“நம்ம ஆஸ்பத்திரி ஸ்டோர்லயே நாப்பத்தெட்டு டின் இருக்கும்மா. ஆனா அது என் கையில இல்ல, மூணாம் மாடியில ஒரு பிரிவு இருக்கு, அவங்க கையில இருக்கு. லெட்டர் தர்றேன், போய்ப் பாருங்க”ன்னாரு டாக்டரு. சொல்லும்போதே அவரு மொகம் சரியில்ல. அது எனக்கு அப்போ புரியல.

நம்ம ஊர்ல பிராந்தி வேணும்னா தெருமொனை வரைக்கும் போனாப் போதும். ஏன், எதுக்கு, யாருக்குன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். புள்ளைக்கு மாவு வேணும்னா மூணாம் மாடி ஏறணும். அங்க பெரிய போர்டு: பச்சிளங்குழவியர் ஊட்டநெறி உயர்நிலைப் பிரிவு. படிச்சி முடிக்கறதுக்குள்ள பாப்பாவுக்கு ரெண்டு கொட்டாவி வந்துடுச்சு.

வாசல்ல வாட்ச்மேன் நிறுத்தினாரு. பாட்டில், டின், ரப்பர் காம்பு, அதுங்களோட படம், எதுவும் உள்ள போகக் கூடாதாம். என் பையிலேர்ந்து பாட்டிலை எடுத்து ஒரு பக்கெட்டுல போட்டுட்டாரு.

“புள்ளை?”ன்னு கேட்டேன்.

“புள்ளை போலாம்மா, தடையில்ல”ன்னாரு.

உள்ள எழுத்தர் கமலக்கண்ணன். நல்ல மனுஷன். உக்காரச் சொன்னாரு, ஃபேனை என் பக்கம் திருப்பினாரு, டாக்டர் லெட்டரை ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் ஒரு படிவத்தை எடுத்து வச்சாரு. தாய்ப்பாலுக்குப் பதிலி கோரும் விண்ணப்பம். அதுல ஏழாவது கேள்வி: பதிலி கோரும் காரணம். எதிர்ல மூணு கட்டம். தாய் இறந்துவிட்டார். தாய் தீரா நோயுற்றவர். தாய்க்குப் பால் இல்லை.

நான் மூணையும் படிச்சேன். பொடி எழுத்துல நாலாவது ஏதாச்சும் இருக்குதான்னு அடியிலயும் பாத்தேன். இல்ல.

“சார், இதுல எதுவும் நான் இல்லயே. எனக்கு ஒண்ணுமில்ல. புள்ளைக்குத்தான் ஆகாது.”

“படிவம் தாயைப் பத்தினதும்மா. புள்ளையைப் பத்தி இதுல கேள்வியே கெடையாது.” அவரு உண்மையாவே வருத்தப்பட்டாரு. “நீங்க செத்திருந்தீங்கன்னா இன்னைக்கு மத்தியானமே முடிச்சிக் குடுத்திருப்பேன்.”

“அந்த டின்னெல்லாம் யாருக்கு சார் வாங்கி வச்சது?”

“தேவைப்படறவங்களுக்குத்தான். ஆகஸ்டு முப்பத்தொண்ணோட காலாவதி. அதுக்கப்புறம் அழிக்கறதுக்கு வேற படிவம் இருக்கு.” குரலைத் தாழ்த்திகிட்டாரு. “அது ஒரே பக்கந்தான், சுலபம்.”

கடைசியில மூணாவது கட்டத்துல டிக் போடச் சொன்னாரு. பால் இல்லை. பொய்தான். போட்டேன். ஆனா டிக் போட்டுட்டா ஆச்சா? பால் இல்லன்னு சொல்ற தாய்க்கு மொதல்ல மூணு நாளு பயிற்சி, அப்புறம் சோதனை, அதுக்கப்புறந்தான் டின்னைப் பத்தி யோசிப்பாங்களாம்.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் பொம்மை வச்சிருக்காங்க. பேரு ஊட்டமணி. முதுகுல சாமான் நம்பர் எழுதியிருக்கு. எடது கை எங்கியோ கழண்டு போச்சு. மூணு நாளும் நான் அந்த ஊட்டமணியை மார்ல அணைச்சிகிட்டு உக்காந்தேன். தலை எந்தப் பக்கம், முட்டி எந்தப் பக்கம், தாடை எங்க படணும், எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. ஊட்டமணி சமத்து, அழவே மாட்டா. என் பாப்பா பெஞ்சில படுத்து அழுதுச்சு.

“கொழந்தையைக் கொஞ்சம் வெளிய விட்டுட்டு வாங்கம்மா, பயிற்சிக்கு இடைஞ்சலா இருக்கு”ன்னு சொல்லிக் குடுத்த அம்மா சொன்னாங்க.

பரீட்சையில பாஸ் ஆயிட்டேன். ரிப்போர்ட்ல ‘தாய்க்கு ஆர்வம் உள்ளது, குழந்தையிடம் ஒத்துழைப்பு உள்ளது’ன்னு எழுதியிருந்துச்சு. கொழந்தைன்னா அது ஊட்டமணி.

நாலாம் நாளு சோதனை. ஒரு மெஷினை மார்ல வச்சி இருவது நிமிஷம் பால் எடுப்பாங்க. மில்லி கணக்குல எழுதுவாங்க. நான் ஆண்டவனை வேண்டிகிட்டு உக்காந்தேன், வராதே வராதேன்னு. பக்கத்து வார்டுல ஏதோ ஒரு கொழந்தை அழுதுச்சு. அவ்வளவுதான். நூத்தி எண்பது மில்லி.

மறுநாளு கோப்புல செவப்பு மையில ஒரு வரி: பால் போதுமானதாக உள்ளது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அன்னைக்கு வீட்டுக்குப் போய் மாமியார்கிட்ட சொன்னேன். எனக்கு ஒரு ஆறுதல் வேணும்னுதான் சொன்னேன். அவங்க பொட்டியைக் கட்டினாங்க. “பெரிய ஆஸ்பத்திரிக்காரங்களே பால் இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பாலை மார்ல வச்சிகிட்டுப் புள்ளையைப் பட்டினி போடற வீட்டுல எனக்குச் சோறு எறங்காது”ன்னு சொல்லிட்டு வில்லியனூர் பஸ் ஏறிட்டாங்க. கீழ் வீட்டு வசந்தா அக்கா, ஹவுஸ் ஓனர், அதுவரைக்கும் தெனம் ரசம் குடுத்தனுப்புவாங்க. அன்னையிலேர்ந்து அதுவும் நின்னுபோச்சு. குப்பையில டின்னைப் பாத்திருப்பாங்க.

ராஜாங்கம் வீடியோவுல வந்தாரு. “ஆபீஸர்ங்க சொல்றதை அனுசரிச்சிப் போ கார்குழலி”ன்னாரு. அவரு பின்னால யாரோ நாலு பேரு சத்தமா சிரிச்சிகிட்டு சாப்பிட்டுகிட்டு இருந்தாங்க. நான் சரின்னு வச்சிட்டேன்.

அப்புறம் வீட்டுல நானும் பாப்பாவும் டின்னும்தான். மாவு கலக்கும்போதெல்லாம் டின்னைப் படிப்பேன். பழக்கதோஷம். சோயா புரதம், சோள மாவுலேர்ந்து எடுத்த சர்க்கரை, மூணு வகை எண்ணெய், கால்சியம், இரும்பு, மெத்தியோனின், டாரின், கார்னிட்டின். இதெல்லாம் யாரோ ஒருத்தர் எங்கியோ உக்காந்து, இந்த மாதிரி ஒரு புள்ளை பொறக்கும்னு நெனச்சி, ஒண்ணொண்ணா அளந்து போட்டிருக்காங்களேன்னு தோணும். அவங்க மேல எனக்கு அவ்வளவு பிரியம் வந்துச்சு. ஆனா அந்த லிஸ்ட்டுக்கு மேல பெரிய எழுத்துல ஒரு வரி இருக்கும். சட்டப்படி போட்டாகணுமாம். தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது.

அந்த வீட்டுல என்கிட்ட தெனம் பேசின ஒரே ஆளு அந்த டின்னுதான். அதுவும் இதைத்தான் சொல்லிச்சு.

சோதனையில எடுத்த பாலை அவங்க கொட்டல. ரெண்டாம் மாடியில தாய்ப்பால் வங்கி இருக்கு, அங்க அனுப்பிட்டாங்க. அங்க நர்சு கனீஸ் பாத்திமா. அம்பது வயசு இருக்கும், சத்தமாப் பேசுவாங்க. அவங்களே என்னைத் தேடிகிட்டு வந்தாங்க.

“ஏம்மா, உன் புள்ளைக்குத்தான் ஆகாதுங்கற. எனக்குக் குடேன். உள்ள ஒண்ணு கெடக்குது, ஒரு கிலோ நூறு கிராம். ஏழாம் மாசத்துலயே பொறந்துடுச்சு. அவங்கம்மாவுக்கு ஒரு சொட்டு ஊறல.”

அந்தம்மா பேரு மாலா. உழவர்கரைக்காரங்க. வார்டு வாசல்ல கண்ணாடிகிட்ட எப்பவும் நின்னுகிட்டே இருப்பாங்க. நான் தெனம் காலையில போய் பால் குடுத்தேன். குடுத்துட்டு மூணாம் மாடி ஏறி மேல்முறையீட்டு மனு குடுத்தேன். மாலா ஒரு நாளு கிட்ட வந்து, “முப்பது கிராம் ஏறியிருக்காம்க்கா”ன்னு சொல்லிட்டு என் கையைப் புடிச்சிகிட்டாங்க. அந்த மாசத்துல என் கையை வேற யாரும் புடிக்கல.

மேல்முறையீட்டை இணை இயக்குநர் தெய்வசிகாமணி நேர்ல விசாரிச்சாரு. அகலமான மேசை, மேல கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில அவரு விருது வாங்கற படம் ஒன்பது. எதிர்ல நானும் பாப்பாவும். அவரு என்னை உக்காரச் சொல்லல, ஆனா சரித்திரம் சொன்னாரு.

“நூத்தி அறுவது வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில ஒரு விஞ்ஞானி. கோதுமை மாவு, முளை கட்டின பார்லி மாவு, பசும்பால், கொஞ்சம் உப்பு. கலந்து வச்சிட்டு, இதுதான் தாய்ப்பால்னு வித்தான். அன்னைக்கு ஆரம்பிச்ச காப்பிம்மா இது! அப்புறம் ஒருத்தன் வந்து புரதத்தை மாத்தினான், மோர்த்தெளிவுல இருக்கறது அறுவது, தயிரா ஒறையறது நாப்பதுன்னு. ஒருத்தன் எண்ணெய் சேத்தான், ஒருத்தன் இரும்பு சேத்தான். இன்னைக்கும் பாத்துப் பாத்துக் காப்பி அடிச்சிகிட்டு இருக்கான். அத்தனை பேரும் எதைப் பாத்துக் காப்பி அடிக்கறான்? உங்களைப் பாத்து! ஒரிஜினலைக் கையில வச்சிகிட்டு நீங்க வந்து காப்பியைக் கேக்கறீங்க.”

“சார், என் புள்ளைக்கு ஒரிஜினல்தான் ஒத்துக்கல. அதுல இருக்கற ஒரு சர்க்கரை இந்த டின்னுல இல்ல. அந்த இல்லாததுக்குத்தான் வந்திருக்கேன்.”

அவரு நாற்காலியில சாஞ்சிகிட்டாரு. “இல்லாத ஒண்ணைக் கேட்டு இந்தப் பிரிவுக்கு வந்த மொத ஆளு நீங்கதான்.”

“டாக்டர் மூணு லெட்டர் குடுத்திருக்காரு சார்.”

“டாக்டர் கொழந்தைகள் பிரிவு. நாங்க ஊட்டநெறிப் பிரிவு. கொழந்தைக்கு என்னன்னு அவர் சொல்லலாம். என்ன குடுக்கணும்னு நாங்கதான் சொல்லணும். நான் மூணு வயசு வரைக்கும் தாய்ப்பால் குடிச்சவன்மா. இந்த நாற்காலிக்கு வந்திருக்கேன்னா அதுதான் காரணம். இந்தப் பிரிவு ஆரம்பிச்சி ஏழு வருஷம். ஸ்டோர்லேர்ந்து ஒரு டின், ஒரே ஒரு டின் வெளிய போனதில்ல. இந்தியாவுல வேற யாரும் இப்படிச் சாதிக்கல. உங்க ஒருத்தருக்காக அதை நான் கெடுத்துக்கணுமா?”

எனக்கு அழுகை வந்துடுச்சு. அவரு அதை வேற மாதிரி எடுத்துகிட்டாரு போல. மேசையில இருந்த இன்னொரு தாளைப் புரட்டிப் பாத்து சட்டுனு மலர்ந்தாரு.

“வங்கிக்குப் பால் குடுக்கற கார்குழலி நீங்கதானா? அடடே! ஆகஸ்டு மொத வாரம் தாய்ப்பால் வார விழா. இந்த வருஷம் அமுதக் கொடைத் தாய் விருது உங்களுக்குத்தான். ஏழாம் தேதி வந்துடுங்க.”

“டின்னு சார்?”

“அது வேற கோப்பு”ன்னாரு.

வெளிய வந்து கமலக்கண்ணன் மேசைக்கு எதிர்ல நின்னேன். அஞ்சாவது டின்னு ஒடைச்சாச்சு. டின்னு முடிஞ்சா என்ன பண்றதுன்னு டாக்டரைக் கேட்டிருந்தேன். கஞ்சித் தண்ணி ஒரு நாளு தாங்கும், ரெண்டு நாளு தாங்காதுன்னு சொல்லியிருந்தாரு. இதை அப்படியே கமலக்கண்ணன்கிட்ட சொன்னேன். அவரு தலையைச் சொறிஞ்சாரு, ரெண்டு பக்கமும் பாத்தாரு.

“மறுசோதனைக்கு இடம் இருக்குதும்மா. பதினஞ்சு நாளு கழிச்சிக் கேக்கலாம். ஆறாம் தேதி வருது. அன்னைக்குப் பூஜ்யம் மில்லி வந்துச்சுன்னா மூணாவது கட்டம் உண்மை ஆயிடும். கோப்பு தானா நகரும். அதை அவரு கூட நிறுத்த முடியாது, விதி.”

அதாவது, எனக்குப் பால் இல்லாமப் போகணும்.

கனீஸ் பாத்திமா அக்காகிட்ட போய் நின்னேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவங்களே புரிஞ்சிகிட்டாங்க. “மார்ல மல்லிப்பூவை வச்சி இறுக்கிக் கட்டு. பாலைப் பீச்சி எடுக்காதே, தானா வத்திடும். நாலஞ்சு நாளு உயிர் போற வலி வலிக்கும். ஜொரம் வந்தா ஓடி வந்துடு”ன்னாங்க. அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்தாங்க. மாலா புள்ளை மூக்குல குழாயோட படுத்திருந்துச்சு. ஒரு கிலோ முன்னூறு.

“அதுக்கு?”ன்னு கேட்டேன்.

“ஃப்ரீஸர்ல இருக்கறது ஏழாம் தேதி வரைக்கும் வரும். நீ உன் புள்ளையைப் பாரு”ன்னு அதட்டினாங்க.

பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். தொடுக்காத மல்லி அரைக் கிலோ கேட்டேன். பூக்காரம்மா மொகமெல்லாம் சிரிப்பு. “வீட்டுல என்னா விசேஷம்? கல்யாணமா?”ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன். தெனம் போனேன். ஆறு நாளு அந்தக் கல்யாணம் நடந்துச்சு.

பழைய பொடவையைக் கிழிச்சி பூவை உள்ள வச்சி இறுக்கிக் கட்டிகிட்டேன். கல்லு மாதிரி கட்டிப்போச்சு. பாப்பாவைத் தூக்க முடியல, மேல பட்டாலே உயிர் போகுது. அது பசியில மொகத்தை நெஞ்சுல தேய்க்கும், நான் தள்ளிப் புடிப்பேன். பெத்த புள்ளையை கைக்கெட்டுற தூரத்துல வச்சி டின்னு மாவு குடுத்தேன். வீடு முழுக்க மல்லி வாசனை. கீழ வசந்தா அக்கா யார்கிட்டயோ சொன்னது கேட்டுச்சு: “புருஷன் ஊர்ல இல்ல, தெனம் அரைக் கிலோ பூவு.” நான் சன்னலைச் சாத்திகிட்டு அழுதேன். இதை யார்கிட்ட சொல்றதுன்னு யோசிச்சா, டின்னைத் தவிர ஒரு ஆளு ஞாபகத்துக்கு வரல.

ஆகஸ்டு ஆறு. சோதனைக்கு அஞ்சு பேரு குழு. இணை இயக்குநர் வாசல்ல திரைக்குப் பின்னாடி. மெஷின் இருவது நிமிஷம் ஓடிச்சு. வலியில பல்லைக் கடிச்சிகிட்டு பொம்மை ஊட்டமணியையே பாத்துகிட்டு இருந்தேன். பூஜ்யம் மில்லி.

“இத்தனை பேரு பாத்துகிட்டு நின்னா பசுமாடே குடுக்காது”ன்னு கனீஸ் அக்கா மெல்ல சொன்னாங்க. குழுவுக்கு அது காதுல விழல.

கமலக்கண்ணனுக்கு என்னா சந்தோஷம்! சான்றிதழை அவரே டைப் அடிச்சாரு. தாய்க்குப் பால் இல்லை. எட்டு டின் வழங்கலாம். கீழ தெய்வசிகாமணி கையெழுத்து. கையெழுத்தாகி வந்த அதே கட்டுல விருதுத் தாளும் இருந்துச்சு. அதிகம் பால் கொடுத்த தாய். அதுக்குக் கீழயும் அவரு கையெழுத்துதான். விருது ஒரு கோப்பு, டின்னு ஒரு கோப்பு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துகிட்டதே இல்ல.

“நாளைக்கு விழா முடிஞ்சதும் ஸ்டோர்ல வாங்கிக்கங்க. ஒண்ணே ஒண்ணும்மா. வாங்கற நாள்லயும் பால் இல்லன்னு ஸ்டோர்ல உறுதிமொழி எழுதணும். மறுபடி ஊறியிருந்தா ரத்து”ன்னாரு.

ஏழாம் தேதி காலையில டின்னைக் கவுத்துத் தட்டினேன். மூணு கரண்டி. ஒரு வேளைக்கு ஆச்சு. அதைக் கலந்து குடுத்துட்டு, கஞ்சி கூட வைக்காம விழாவுக்குப் போனேன். பதினோரு மணிக்கு முடிஞ்சிடும்னு சொல்லியிருந்தாங்க.

பத்துப் பேரு பேசினாங்க. பள்ளிக்கூடப் பொண்ணுங்க தாய்ப்பாலோட சத்துங்க வேஷம் போட்டுகிட்டு ஆடினாங்க. புரதம் ஒண்ணு, கொழுப்பு ஒண்ணு, சர்க்கரை வெள்ளைப் பாவாடையில ஒண்ணு. அந்தச் சர்க்கரை நல்லாத்தான் ஆடிச்சு. எனக்குப் பாக்கப் புடிக்கல. மணி ஒண்ணாச்சு. தெய்வசிகாமணி மைக்கைப் புடிச்சாரு.

“இந்தத் தாயைப் பாருங்கள்! தன் குழந்தைக்கு வயிறார ஊட்டியது போக, மீதியை ஊருக்கே ஊட்டியவர். இவரிடம் போய் யாராவது டப்பா மாவைப் பற்றிப் பேச முடியுமா? பேசினால் இவர் சும்மா விடுவாரா?”

கைத்தட்டல். செவப்புப் பொன்னாடை ஒண்ணை என் தோள்ல போத்தினாரு. போட்டோவுக்கு நின்னோம். பாப்பா கையில நெளிஞ்சிகிட்டு இருந்துச்சு. “கொழந்தையைக் கொஞ்சம் சிரிக்க வையுங்க”ன்னாரு போட்டோக்காரரு.

ஸ்டோரு கீழ்த்தளத்துல, ஜன்னல் இல்லாத ரூம். கமலக்கண்ணன் மேசை போட்டு உக்காந்திருந்தாரு. பக்கத்துல மேற்பார்வைக்குத் தெய்வசிகாமணி. ஏழு வருஷ சாதனை போகுதேன்னு மொகம் தொங்கிப்போயிருந்துச்சு. எட்டு டின்னும் செய்தித்தாள்ல சுத்தி, பிராந்திக் கடை கறுப்புக் கவர்ல போட்டு வச்சிருந்தாங்க. மத்த தாய்மாருங்க கண்ணுல பட்டு மனசு மாறிடக் கூடாதாம்.

உறுதிமொழியில கையெழுத்துப் போட பேனாவை எடுத்தேன். எனக்குப் பால் இல்லை என உறுதி கூறுகிறேன்.

அப்போ பாப்பா அழுதுச்சு. காலையில குடிச்ச மூணு கரண்டியோட இருந்த புள்ளை. மூச்சு விடாம, மொகம் செவந்து, வீல்னு அழுதுச்சு.

எனக்குத் தெரிஞ்சிடுச்சு. மார்ல ஒரு சுருக்கு. ஆறு நாளு பூ, கட்டு, வலி, எல்லாத்தையும் தாண்டிகிட்டு அது வந்துடுச்சு. யாரைக் கேட்டு வந்துச்சு? புள்ளை அழுதா வரும், அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஜாக்கெட்டு சுடச்சுட நனையறது தெரியுது. தெய்வசிகாமணி இன்னும் பாக்கல, போன்ல யாருக்கோ விழா போட்டோ அனுப்பிகிட்டு இருந்தாரு. கமலக்கண்ணன் பாத்துட்டாரு. நேரா பாத்தாரு. கடவுளே, அவ்வளவுதான்னு நெனச்சேன்.

“பொன்னாடையை நல்லா இழுத்துப் போத்திக்கங்கம்மா,” அவரு தாளைப் பாத்துகிட்டே சொன்னாரு. “ஏசி ஜாஸ்தியா இருக்கு.”

அந்த ரூம்ல ஃபேனே ஓடல.

போத்திகிட்டேன். கையெழுத்துப் போட்டேன். தெய்வசிகாமணி போன்லேர்ந்து நிமிர்ந்து, “பொன்னாடை உங்களுக்கு நல்லா பொருந்துதும்மா”ன்னாரு. கறுப்புக் கவரை ஒரு கையில, பாப்பாவை ஒரு கையில புடிச்சிகிட்டு வெளிய வந்தேன். வாசல்ல ஆட்டோக்காரரு ஒருத்தரு, புள்ளையையும் கவரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு தலையில அடிச்சிகிட்டாரு.

ஆட்டோ ஏறல. ரெண்டாம் மாடிக்கு ஏறினேன். மாலா கண்ணாடிகிட்டயே நின்னுகிட்டு இருந்தாங்க. கையில ஒரு படிவம். ஃப்ரீஸர்ல பால் முடிஞ்சிபோச்சாம், மூணாம் மாடியில விண்ணப்பம் குடுக்கச் சொல்லியிருக்காங்களாம். “இதுல ஏழாவது கேள்விக்கு எந்தக் கட்டத்துலக்கா டிக் போடறது?”ன்னு கேட்டாங்க.

நான் பொன்னாடையை எடுத்தேன். மாலா என் ஜாக்கெட்டைப் பாத்தாங்க. கையில இருந்த படிவத்தை மடிச்சிகிட்டாங்க.

கனீஸ் அக்கா மொதல்ல பாப்பாவுக்கு வெந்நீர் ஆத்தி மாவு கலந்து குடுத்தாங்க. அப்புறம் மெஷினை வச்சாங்க. வலிச்சிது. கொஞ்சமாத்தான் வந்துச்சு, முப்பது மில்லி இருக்கும். அந்தப் புள்ளைக்கு ரெண்டு வேளைக்கு ஆகும்னாங்க. நோட்டை விரிச்சி வச்சிகிட்டு, “பேரு போடட்டுமா?”ன்னு கேட்டாங்க.

“வேணாம்க்கா. எனக்குப் பால் இல்ல. இப்பதான் கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்.”

அவங்க பேரு எழுதற எடத்துல ஒரு கோடு போட்டாங்க. மாலா கண்ணாடிகிட்ட போயிட்டாங்க. கனீஸ் அக்கா பாலை எடுத்துகிட்டு உள்ள போயிட்டாங்க. பெஞ்சில நானும் பாப்பாவும் மட்டும். பாப்பா கண்ணை மூடிகிட்டு கடக்கடக்குன்னு சோயா குடிக்குது. கவர் சரிஞ்சி, செய்தித்தாள் பிரிஞ்சி, ஒரு டின்னு எட்டிப் பாத்துச்சு. வழக்கம்போல அதே வரியைச் சொல்லிச்சு. தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது.

இருபத்தாறு நாளா அதுக்கு நான் பதில் சொன்னதில்ல. அன்னைக்குச் சொன்னேன்.

“தெரியும். குடுத்துகிட்டுதானே இருக்கேன்.”